திருகோணமலையில் சிறுதொழிலும் காணிப் பயன்பாட்டு அனுமதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் அதையொட்டிய உப்புவெளி, பாலையூற்று, சாம்பல்தீவு போன்ற இடங்களிலும் கடையோ சிறு தொழிலோ தொடங்க எண்ணுபவர்களுக்காக இப்பக்கத்தை எழுதுகிறேன். கட்டட வரைபடம் தயாரிப்பது என் தொழில். என் மேசைக்கு முன்னால் அமர்ந்து பலரும் கேட்ட கேள்விகளே இங்கே உள்ளவை. பதில்களில் ஒரு பகுதி இன்று நடைமுறையிலுள்ள சட்டத்தைச் சொல்கிறது. மறு பகுதி, அந்த நடைமுறையில் எதை, எந்த வரிசையில் மாற்ற வேண்டும் என்ற என் கருத்து. வாசிப்பவர் இரண்டையும் பிரித்தறியும் வகையில் எழுத முயன்றிருக்கிறேன்.

வியாபாரப் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். அதற்கு மேலும் ஓர் அனுமதி எதற்கு?

மூன்று வெவ்வேறு காரியங்களை ஒன்றென எண்ணுவதிலேயே பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. வியாபாரப் பெயர்ப் பதிவு, இந்தப் பெயரில் தொழில் செய்பவர் இவர் என்பதை மட்டுமே காட்டும். உள்ளூராட்சி மன்றம் வழங்கும் வியாபார உரிமம், சுகாதாரம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த ஆண்டில் அத்தொழிலை நடத்த இடமளிக்கும்; ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். காணிப் பயன்பாட்டு அனுமதியோ ஆளையும் பெயரையும் பற்றியதன்று. இந்தக் காணியில், இந்தக் கட்டடத்தில், இத்தகைய பயன்பாடு இருக்கலாமா என்பதே அதன் கேள்வி. கடை கைமாறினாலும் அந்தக் கேள்விக்கான விடை காணியோடு நிற்கும். வியாபார உரிமத்துக்குப் போன இடத்தில், கட்டடம் வீடாகவே பதிவாகியிருக்கிறது என்று திருப்பியனுப்பப்பட்டவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிவார்கள்.

நான் ஒரு கல்லும் வைக்கவில்லை. வீட்டு விறாந்தையைக் கடையாக்குகிறேன், அவ்வளவுதான். இதற்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். இது பலருக்கு வியப்பளிக்கிறது. ஆனால் சட்டத்தின் சொல் தெளிவானது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், காணியைத் துண்டு பிரிப்பதையும் கட்டடம் எழுப்புவதையும் மட்டுமன்றி, ஒரு காணியோ அதன் மீதுள்ள கட்டடமோ பயன்படுத்தப்படும் நோக்கத்தை மாற்றுவதையும் அபிவிருத்தி நடவடிக்கை என்றே வரையறுக்கிறது. 1982ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் அத்தகைய நடவடிக்கையில் ஈடுபடலாகாது என்று விதித்தது. விவசாயமும் தோட்டச்செய்கையும் இதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. குடியிருப்பு வீட்டின் வளவை அந்த வீட்டு வாழ்க்கைக்குத் துணையான காரியங்களுக்குப் பயன்படுத்துவதும் விலக்கப்பட்டுள்ளது. வாழைக்குலையை வளவில் வளர்க்கலாம். அதே குலையைப் படலையடியில் தட்டி கட்டி நிரந்தரமாக விற்கத் தொடங்கினால் கேள்வி எழும்.

சட்டத்தின் இந்த வரையறை தவறானது என்று நான் கருதவில்லை. குடியிருப்புத் தெருவில் விறாந்தை ஒன்று ஒட்டுவேலை நடத்தும் கராஜாக மாறுவதும் பயன்பாட்டு மாற்றமே. அதை எவரும் பார்க்காமல் விட முடியாது. குறை எங்கே இருக்கிறதென்றால், தையற்கடைக்கும் கராஜுக்கும் ஒரே வாசல், ஒரே வரிசை, ஒரே கோப்பு என்பதில்தான்.

விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது? நகர அபிவிருத்தி அதிகாரசபையிலா, மாநகர சபையிலா?

காணி எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உட்துறைமுக வீதி, மத்திய வீதி, என்.சி. வீதி, உவர்மலை போன்றவை நகரசபையாக இருந்து மாநகர சபையாகத் தரமுயர்ந்த மன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. உப்புவெளி, 'பட்டினமும் சூழலும்' என்ற பெயருடைய பிரதேச சபைக்கு உரியது. நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்கு உரியது. சுற்றுலாப் பயணி ஒரே கடற்கரையென எண்ணி நடக்கும் மணலில் இரண்டு சபைகளின் எல்லைகள் இருக்கின்றன.

சட்டத்தின் 23ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு, அதிகாரசபை தனது திட்டமிடல் அதிகாரங்களை உள்ளூராட்சி மன்ற அலுவலர்களுக்குக் கையளிக்க இடமளிக்கிறது. ஆகவே அதிகாரம் அதிகாரசபையுடையதாயினும், சிறிய விண்ணப்பங்களைப் பெறும் கருமபீடம் மன்றத்தினுடையதாக இருக்கும். கோப்பை மன்றத்தின் திட்டமிடல் குழு பார்க்கும். மன்றத்தின் தலைமை, தொழில்நுட்ப உத்தியோகத்தர், சுகாதாரத் தரப்பு, அதிகாரசபையின் திட்டமிடல் உத்தியோகத்தர் ஆகியோர் பொதுவாக அக்குழுவில் இருப்பார்கள். பெரிய திட்டங்கள் நேரடியாக அதிகாரசபைக்குப் போகும்.

வேறு எந்த அலுவலகங்களின் இசைவு தேவைப்படும்?

இடத்தையும் தொழிலையும் பொறுத்தது. உணவு சார்ந்ததென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை வேண்டும். அனுராதபுரச் சந்திப் பக்கம் போல நெடுஞ்சாலையை முகப்பாகக் கொண்ட காணியென்றால், ஏ6, ஏ12, ஏ15 ஆகிய தேசிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை என்பதால், கட்டடக் கோடு, அதாவது வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற எல்லை பற்றி அதனிடம் கேட்க வேண்டும். புகை, ஒலி, கழிவு நீர் உண்டாக்கும் தொழிலென்றால் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படலாம். அதில் பாதிப்புக் குறைந்த பட்டியலுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடமே இருக்கிறது. பழைய கோட்டைக்கும் தொல்லியல் இடங்களுக்கும் அருகே 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் குறுக்கிடும். அரச காணியென்றால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்.

கடலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டம், சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. இந்த 300 மீற்றர், நேரான கரையைக் கொண்ட ஓர் ஊரில் ஒரு பட்டி மட்டுமே. திருகோணமலையின் பழைய நகரமோ ஒருபுறம் டச்சு விரிகுடாவையும் மறுபுறம் உட்துறைமுகத்தையும் வைத்துக்கொண்டு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. இருபுறமிருந்தும் 300 மீற்றரை அளந்து பார்த்தால், கடல் கண்ணுக்கே தெரியாத கடைகள் பலவும் கரையோர வலயத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கடலையே பாராத சலூன்காரர் ஒருவருக்கு, கரையோரத் திணைக்களத்திடம் ஏன் கேட்க வேண்டும் என்பதை விளக்க எனக்கு ஒரு தாளும் பென்சிலும் தேவைப்பட்டன.

தாமதத்துக்கு உண்மையான காரணம் என்ன?

அலுவலர்கள் வேலை செய்வதில்லை என்பது எளிதான பதில். அது பெரும்பாலும் உண்மையன்று. ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வடிகால், வீதி, முறைப்பாடு, வரி மதிப்பீடு என எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இடையில் தள ஆய்வுக்கும் போகிறார்.

என் கணிப்பில் தாமதம் மூன்று இடங்களில் உருவாகிறது. விண்ணப்பத்தில் என்ன குறை என்பது ஒரே தடவையில் சொல்லப்படுவதில்லை. முதல் நாள் நில அளவை வரைபடம் தெளிவில்லை என்பார்கள். அதைச் சரிசெய்து போனால் ஆதன வரி நிலுவை என்பார்கள். அதையும் கட்டிவிட்டுப் போனால் வீதிக் கோட்டுச் சான்றிதழ் எங்கே என்பார்கள். மூன்றும் நியாயமான தேவைகளே. மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அடுத்தது, குழு கூடும் திகதி. திட்டமிடல் குழு குறித்த இடைவெளியில்தான் கூடுகிறது. ஒரு நாள் பிந்திய கோப்பு அடுத்த கூட்டம்வரை காத்திருக்கும். அந்தக் கூட்டத்தில் கரையோரத் திணைக்களத்தின் கருத்து கேட்கப்பட்டால், அந்தக் கருத்து வந்த பின்னர் வரும் கூட்டம்வரை மீண்டும் காத்திருக்கும். மூன்றாவது, ஓர் அலுவலகத்தின் கடிதத்தை இன்னோர் அலுவலகத்துக்குச் சுமந்து செல்பவர் விண்ணப்பதாரரே. கடையை ஒரு நாள் பூட்டாமல் அவரால் அதைச் செய்ய முடியாது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது வேறொன்று. ஒருவர் பிரதான வீதிப் பக்கமாக ஒரு கடையைப் பார்க்கிறார். உரிமையாளர் முற்பணம் கேட்கிறார், சிலர் அதற்கு மேல் கீ மணியும் கேட்கிறார்கள். பணத்தைக் கொடுத்து, தட்டு அடித்து, நிறம் பூசி, குளிரூட்டிக்கும் சொல்லிவிட்ட பின்னரே அனுமதியைப் பற்றிய பேச்சு எழுகிறது. அந்தக் கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழே (அங்கீகரித்த வரைபடத்தின்படி கட்டப்பட்டது என்பதற்கான சான்று) எடுக்கப்படவில்லை என்பதும், பின்புறத் தகரக் கொட்டில் எந்த வரைபடத்திலும் இல்லை என்பதும் அப்போதுதான் வெளிவருகின்றன. வாடகை மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பெண், பலகாரம் செய்து விற்க எடுத்த சிறிய கடைக்கு, திறக்காமலேயே ஏழு மாத வாடகை கட்டினார். அனுமதி கடைசியில் கிடைத்தது. ஆனால் எண்ணெய்ச் சட்டியை வாங்க வைத்திருந்த பணம் வாடகையாகப் போய்விட்டது. அவருக்குத் தேவைப்பட்டது வேகமான அனுமதிகூட அன்று. முற்பணம் கொடுக்கும் முன்பே கிடைத்திருக்கக்கூடிய ஒரு விடை.

அப்படியானால் முதலில் எதை மாற்ற வேண்டும்?

அந்த விடையை முன்னே கொண்டுவர வேண்டும். சட்டத்தில் இதற்கான வித்து ஏற்கெனவே இருக்கிறது. பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி என்ற ஒன்று, முழு வரைபடம் தயாரிக்கும் முன்பே, இக்காணியில் இன்ன அபிவிருத்தி இருக்கலாமா, எந்த நிபந்தனைகளோடு என்று கேட்க வழிசெய்கிறது. பெரிய விடுதி கட்டுபவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். சிறிய கடைக்காரர் அப்படியொன்று இருப்பதையே அறிவதில்லை. அறிந்தாலும், பதில் வரும்வரை கடை உரிமையாளர் காத்திருக்க மாட்டார்.

ஆகவே என் கோரிக்கை இது. ஆதன வரி இலக்கத்தையும் உத்தேசத் தொழிலையும் எழுதிக் கொடுத்தால், மன்றம் சில நாட்களுக்குள் ஒரே பக்கத்தில் பதில் தர வேண்டும். இக்கட்டடம் எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றது, இணக்கச் சான்றிதழ் உண்டா, வீதி அகலிப்புக் கோடு இதை வெட்டுகிறதா, கரையோர வலயத்துக்குள் வருகிறதா, உத்தேசத் தொழிலுக்கு எந்தெந்த இசைவுகள் தேவை ஆகியவை அதில் இருக்க வேண்டும். இது அனுமதியன்று, தகவல் மட்டுமே. எந்தப் புதிய சட்டமும் இதற்குத் தேவையில்லை. ஆவணங்களெல்லாம் மன்றத்தின் அலமாரியிலேயே இருக்கின்றன. இத்தகைய பக்கமொன்று வழக்கத்துக்கு வந்துவிட்டால், வாடகைக்கு எடுப்பவர் அதைக் கேட்டு வாங்காமல் முற்பணம் கொடுக்க மாட்டார். அப்போது கட்டட உரிமையாளர்களே தங்கள் கட்டடங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்குவார்கள். இன்று அந்தச் சுமை முழுவதும் வாடகைக்காரர் தலையில் இருக்கிறது.

அதற்கடுத்து, சிறியதையும் பெரியதையும் பிரிக்க வேண்டும். புத்தகக் கடை, தையல், கைபேசித் திருத்தம், போட்டோக்கொப்பி, கணக்காளர் அலுவலகம் போன்றவை ஏற்கெனவே கடையாக இருந்த கட்டடத்துக்குள் வந்தால், திட்டமிடல் குழுவின் கூட்டத்துக்காக அவை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதிகாரம் கையளிக்கப்பட்ட அலுவலர் ஒருவர் பட்டியலைப் பார்த்துக் கருமபீடத்திலேயே முடிவெடுக்கலாம்; குழுவுக்குப் பின்னர் அறிக்கையிடலாம். குழுவின் நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் கடற்கரை விடுதியின் மலசலக் குழி எங்கே போகிறது என்று நிதானமாகக் கேட்கலாம்.

குடியிருப்புப் பகுதியில் வீட்டோடு கடை வைப்பதை அனுமதிக்கலாமா?

இதில் ஜப்பானின் முறை எனக்குப் பிடித்தமானது. அந்நாட்டின் நகரத் திட்டமிடல் விதிகளில் மிக இறுக்கமான குடியிருப்பு வலயத்தில்கூட, வசிக்கும் வீட்டின் ஒரு பகுதியில் சிறு கடையோ அலுவலகமோ இருக்கலாம். அப்பகுதி 50 சதுர மீற்றரைத் தாண்டக் கூடாது, வீட்டின் மொத்தத் தளப்பரப்பில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 50 சதுர மீற்றர் என்பது ஏறத்தாழ 540 சதுர அடி. நம்மூர் விறாந்தைக் கடைகள் இதில் கால்வாசிகூட வராது.

லிங்கநகரிலும் மட்டிக்களியிலும் மனையாவெளியிலும் வீட்டு முகப்பில் நடக்கும் கடைகள் புதியவை அல்ல. போர்க்காலத்தில் நகருக்குள் போய்வர முடியாத நாட்களில் அரிசியும் மண்ணெண்ணெயும் அங்கேதான் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் பெண்கள். குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் பிரதான வீதியில் கடை எடுக்க அவர்களால் முடியாது. இவற்றை எல்லாம் சட்டத்துக்குப் புறம்பானவையாகவே வைத்திருப்பதால் எவருக்கு நன்மை? வங்கிக் கடனுக்குப் போனால் அனுமதியில்லை என்கிறார்கள். அயலவரோடு வாய்த்தர்க்கம் வந்தால் முதல் முறைப்பாடு கடையின் மேல்தான் போகிறது. பரப்பளவு, வேலையாட்களின் எண்ணிக்கை, மூடும் நேரம் ஆகிய மூன்றையும் எழுதி, அந்த வரம்புக்குள் இருப்பவற்றைப் பதிவு மட்டும் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவரலாம்.

அயலவரின் நிம்மதிக்கு யார் பொறுப்பு? எளிதாக்கினால் நாளை என் வீட்டுக்குப் பக்கத்தில் அரைக்கும் ஆலை வந்துவிடாதா?

நியாயமான அச்சம். இதே காரணத்தால்தான் பட்டியல் குறுகியதாக இருக்க வேண்டும் என்கிறேன். இயந்திர ஒலி, தூசி, நெருப்பு, எண்ணெய்க் கழிவு, இரவு வியாபாரம், மதுபானம் ஆகியவற்றில் எது வந்தாலும் விண்ணப்பம் முழு நடைமுறைக்குத்தான் போக வேண்டும். அயலவர் கேட்கப்பட வேண்டும். இன்றைய நிலையில் அயலவருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். அனுமதி பெறுவது அலைச்சல் என்பதால் கராஜும் கேட்காமல் தொடங்குகிறது, தையற்கடையும் கேட்காமல் தொடங்குகிறது. மன்றத்துக்கு இரண்டும் ஒன்றே. சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அனுமதியற்ற அபிவிருத்தியை நிறுத்தும்படி அறிவித்தல் கொடுக்கவும், இணங்காவிடில் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவும் அதிகாரம் உண்டு. எல்லாரும் அனுமதியற்றவர்களாக இருக்கும் தெருவில் அந்த அதிகாரம் யார் மேல் விழும் என்பது சட்டத்தால் அன்றி வேறு காரணங்களால் தீர்மானமாகும்.

குறித்த நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று விதித்தால் என்ன?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கலியாணப் பேச்சுக்குச் சரி. கட்டட விடயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆளணி குறைந்த அலுவலகத்தில் நாட்கள் கடந்துவிடும். அபாயமான கட்டடமும் அதே வழியில் அனுமதி பெற்றுவிடும். பதில் சொல்லாமல் விடுவதே சிலருக்குச் செய்யும் உதவியாகவும் மாறலாம்.

வேறிடங்களில் இதைச் சற்று வேறுவிதமாகக் கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர்கள் 2020 நவம்பரில் எச் என்ற முன்மொழிவை நிறைவேற்றினார்கள். அப்பகுதியில் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டோடு வரும் சிறு வியாபாரத்தின் விண்ணப்பத்தை 30 நாட்களுக்குள் பரிசீலித்து முடிக்க வேண்டும் என்பது அதன் மையம். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றிதழ் முறையில், 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுவோர், விதிகளுக்கு இணங்குவதாகத் தாமே உறுதியளித்து இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். இரண்டிலும் விதி முன்கூட்டியே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்குள் அடங்குபவருக்கு மட்டுமே வேகம்.

நமக்கு நான் விரும்புவது, நாட்கணக்குத் தொடங்கும் நாளை முதலில் வரையறுப்பது. விண்ணப்பம் கொடுத்த நாளா, அது முழுமையானது என்று அலுவலகம் ஏற்ற நாளா என்பதில்தான் எல்லாமே தொங்குகிறது. கொடுத்து ஐந்து வேலை நாட்களுக்குள் குறைகளை எல்லாம் ஒரே கடிதத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தில் இல்லாத ஒரு குறையைப் பின்னர் எழுப்பக் கூடாது. இந்த ஒரு விதி மட்டும் வந்தாலே பாதி அலைச்சல் குறையும்.

வாகனத் தரிப்பிடம் இல்லை என்று மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பழைய கடைத்தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய கட்டடங்கள் மாட்டுவண்டிக் காலத்தவை. அவற்றில் தரிப்பிடம் காட்டச் சொல்வது, இல்லாத இடத்தைக் காட்டச் சொல்வதாகும். தரிப்பிடம் ஒதுக்க முடியாதவிடத்துச் சேவைக் கட்டணம் செலுத்த அதிகாரசபையின் ஒழுங்குவிதிகளில் இடமுண்டு, அதைக் கேளுங்கள். அப்படிச் சேரும் பணம் நகரில் பொதுத் தரிப்பிடம் அமைக்கவே செலவிடப்பட வேண்டும் என்பதும், அதன் கணக்கு மக்களுக்குக் காட்டப்பட வேண்டும் என்பதும் என் கருத்து. கோட்டை வாசலிலிருந்து வரும் மான்களுக்கு மட்டுமே இந்நகரில் தரிப்பிடப் பிரச்சினை இல்லை.

உப்புவெளிக் கடற்கரையில் சிறிய உணவகம் வைக்க விரும்புகிறேன். இது எளிதாக்கப்பட வேண்டிய பட்டியலில் வருமா?

வரக் கூடாது. 2004 டிசம்பரை நினைவில் வைத்திருக்கும் எவரும் வரட்டும் என்று சொல்ல மாட்டார்கள். ஆழிப்பேரலைக்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் 200 மீற்றரும் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றரும் கட்டடம் கட்டலாகாத வலயமாக அறிவிக்கப்பட்டன. ஒரே கடலுக்கு இரண்டு அளவா என்ற மனக்குறை அப்போது இங்கே பரவலாக இருந்தது. பின்னர் அவ்வலயம் தளர்த்தப்பட்டது. நான் சொல்லவருவது, தூரம் மாறலாம், ஆனால் கரையோரத் திணைக்களத்தின் ஆய்வு கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே. அந்த ஆய்வுக்காக விண்ணப்பதாரர் தனியாக இன்னொரு கோப்புத் திறக்க வேண்டியதில்லை. மன்றமே தளத்துக்கு ஒரு நாள் குறித்து, சுகாதாரம், கரையோரம், சுற்றாடல் ஆகிய மூன்று தரப்பையும் அன்றே அழைத்துப் பார்க்கலாம்.

என் காணிக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லை, அல்லது அனுமதிப்பத்திரக் காணி. விண்ணப்பிக்க முடியுமா?

திருகோணமலையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கிடைத்த அனுமதிப்பத்திரத்தில் எந்த நோக்கத்துக்காகக் காணி வழங்கப்பட்டது என்பது எழுதப்பட்டிருக்கும். குடியிருப்புக்கோ பயிர்ச்செய்கைக்கோ கிடைத்த காணியில் வியாபாரம் தொடங்க முதலில் பிரதேச செயலகத்தை அணுக வேண்டும். மன்றம் அதைத் தாண்டி அனுமதி தர முடியாது. துறைமுக அதிகாரசபைக்கு உரித்தாக்கப்பட்ட காணிகளில் தலைமுறையாக இருப்பவர்களுடைய நிலைமை இன்னும் கடினமானது. அது அனுமதி நடைமுறையைத் திருத்தித் தீரக்கூடிய பிரச்சினையன்று, காணி விடுவிப்புப் பற்றிய அரசியல் முடிவு.

இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் காணிப் பதிவகத்தில் சான்றுப் பிரதி எடுக்கலாம். தாம் இல்லாத காலத்தில் வேறொருவர் காணியில் குடியேறி, நீண்டகாலம் இருந்ததைக் காட்டி ஆட்சியுரிமை கோரினால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தமது உரிமையைத் தொடர முடியாமற் போனவர்களுக்காக அது இயற்றப்பட்டது.

வாடகைக்காரர் உறுதியைக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்துவது எனக்கு உடன்பாடில்லாதது. உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வாடகை ஒப்பந்தமும் போதுமானவையாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கணினிமயமாக்கினால் தீராதா?

கோப்பு எங்கே நிற்கிறது என்று கைபேசியில் பார்க்க முடிவது நல்லது. ஆனால் குழப்பமான படிவத்தைக் கணினியில் ஏற்றினால் அது கணினியில் குழப்பமான படிவமாகவே இருக்கும். முதலில் படிவத்தைச் சுருக்குங்கள்.

படிவம் தமிழில் கிடைக்கவில்லை என்றால்?

தமிழில் கேட்டுப் பெறுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி. வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளின் தமிழாக்கம் சில இடங்களில் மூலத்தைவிடக் கடினமாக இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்; 'செட்பக்' என்பதற்கு மூன்று ஆவணங்களில் மூன்று சொற்களைப் பார்த்திருக்கிறேன். நான் வாடிக்கையாளருக்கு, கட்டடத்துக்கும் எல்லைக்கும் நடுவே விட வேண்டிய வெற்றிடம் என்றுதான் சொல்வேன்.

கோப்பை நகர்த்தப் பணம் கேட்டால்?

கொடுக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ்க் கேட்பதும் கொடுப்பதும் குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் துரித இலக்கம் 1954. எல்லா இடைத்தரகரும் அலுவலகத்தின் பெயரால்தான் பணம் கேட்கிறார்கள் என்பதையும், அந்தப் பணம் அலுவலகத்தின் படியைக்கூட மிதிக்காமல் போவதுண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் மாற்றங்களைச் செய்ய யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. முன்கூட்டிய தகவல் பக்கம், குறைகளை ஒரே தடவையில் சொல்லும் கடிதம், கூட்டு ஆய்வு நாள், குழுவின் கூட்டத் திகதிகளை வாசலில் ஒட்டுவது ஆகியவற்றை மன்றம் ஒரு தீர்மானத்தால் நாளையே தொடங்கலாம். சிறு பயன்பாடுகளைக் கருமபீடத்தில் முடிக்க, நகர அபிவிருத்தி அதிகாரசபை தனது அதிகாரக் கையளிப்பை விரிவாக்க வேண்டும். வீட்டோடு இணைந்த கடைக்கான பரப்பளவு வரம்பு, 2021 யூலையில் வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளையும் நகரத்துக்கான அபிவிருத்தித் திட்டத்தையும் தொடும். அதற்குக் கொழும்பு வரை போக வேண்டும். உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம். ஆனால் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர் தேர்தல் நடைபெறாததால், அந்தப் படியில் மக்கள் பிரதிநிதி எவரும் இல்லாத நிலை நீண்டது. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல்வரை உறுப்பினர்கள் இல்லாமலே இயங்கின. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வட்டார உறுப்பினரிடம் வடிகாலைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசுங்கள்.

மாற்றம் வரும்வரை நான் என்ன செய்யலாம்?

கடை பார்க்கப் போகும்போதே உரிமையாளரிடம் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் பிரதியையும் இணக்கச் சான்றிதழையும் கேளுங்கள். இல்லை என்றால், அனுமதி கிடைக்காவிடில் முற்பணம் திரும்பித் தரப்படும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்வழியாகச் சொல்லப்பட்ட குறையை, இன்ன திகதியில் இப்படிச் சொல்லப்பட்டது என்று எழுதி மறுநாள் கையளியுங்கள்.

பதில் வராவிடில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஏன் தாமதம் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்குப் பொதுவான பதிலே வரும். என் கோப்பு எந்த நாளில் எந்த அலுவலரிடம் இருந்தது, திட்டமிடல் குழுவின் எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது, அக்கூட்ட அறிக்கையில் என் விண்ணப்பத்தைப் பற்றி எழுதப்பட்ட வரிகளின் பிரதி ஆகிய மூன்றையும் கேளுங்கள். இத்தகைய கடிதம் போன பின்னர், பதிலுக்கு முன்னரே அனுமதி வந்துசேர்ந்த கோப்புகளை நான் கண்டிருக்கிறேன்.